மதிப்பற்ற பொருள்

எங்க சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. 1985-இல் எழுதிய இங்கிலீஷ் தீர்ப்பு. டைப் அடித்த 22 பக்கம். சித்தப்பா அதைப் படித்ததில்லை. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் வக்கீலாகி நாலாவது வருஷம், 2003-இல், நகல் மனுப் போட்டு அதை வாங்கினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

தீர்ப்பின் கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சான்றுப் பொருள்கள் 1 முதல் 4 வரை மதிப்பற்றவை, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும். கிரிமினல் தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு 452-ஆம் பிரிவு இருந்தது. எந்த வக்கீலும் அந்த வரியை நின்று படிப்பதில்லை. நானும் அதுவரை படித்ததில்லை.

அந்த மதிப்பற்ற நாலு பொருள் என்னென்ன என்று சொல்கிறேன். ஒன்று, ரத்தக் கறை பட்ட துண்டு. இரண்டு, கரும்பு வெட்டுகிற கத்தி. மூன்று, ரத்தம் தோய்ந்த மண். நாலு, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த சாதாரண மண். இந்த நாலையும் வைத்துத்தான் ஒரு ஆளை 14 வருஷம் உள்ளே வைத்தார்கள். அதுவரைக்கும் அவை மதிப்புள்ளவை. தீர்ப்பு எழுதி முடித்த நிமிஷத்தில் மதிப்பற்றவை ஆகிவிட்டன.

1984 தை மாசம். எனக்கு எட்டு வயசு. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். ஊர்த்தெருப் பண்ணைக்காரருடைய பம்புசெட் கொட்டகையில் காவலுக்குப் படுத்திருந்த அவருடைய பங்காளி ஒருவரை ராத்திரியில் யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் எங்க தெருவுக்கு வந்துவிட்டது. ஊரில் எது காணாமல் போனாலும் எவர் செத்தாலும் ஜீப் முதலில் திரும்புகிற பக்கம் எது என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூணாம் நாள் ஒன்பது பேர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சித்தப்பா வரவில்லை. பொங்கலுக்கு முந்தி களத்துமேட்டில் நின்று, “பாக்கிக் கூலியக் குடுத்துடுங்க ஆண்ட, சும்மா நாள் தள்ளாதீங்க” என்று பத்துப்பேர் கேட்கச் சொன்னவர் அவர். அவருக்கு அப்போது 26 வயசு.

முதல் தகவல் அறிக்கையில் சாட்சி சொன்னது, டார்ச் வெளிச்சத்தில் ‘காலனி ஆள் ஒருத்தன்’ ஓடியதைப் பார்த்தேன் என்பது. நாலு நாள் கழித்து எழுதிய வாக்குமூலத்தில் அந்தக் ‘காலனி ஆள்’ சித்தப்பாவின் பேராகி விட்டிருந்தார். கோர்ட்டில் அதே சாட்சி கொஞ்சமும் தடுமாறாமல் விரலை நீட்டிக் காட்டினார். எங்க தெருவில் அன்றைக்கு அறுபது வீடு. ஒரு சாதியைப் பார்த்த கண், ஒரு மனுஷனைப் பார்த்த கண்ணாக மாற நாலு நாள் போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்புறம் ஒப்புதல் வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒரு சந்து விட்டது: அந்த ஒப்புதலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். (2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அந்தச் சந்து அடைபடவில்லை.) ஆகவே எல்லா வாக்குமூலத்திலும் ஒரு வாசகம் வரும். சித்தப்பாவின் வாக்குமூலத்திலும் இருந்தது: ‘என்னை அழைத்துச் சென்றால் மேற்படி துண்டை மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.’ எங்க சித்தப்பா வாழ்நாளில் ‘மேற்படி’ என்று சொன்னதில்லை. ‘ஆஜர்’ என்று சொன்னதில்லை. அந்தத் துண்டு வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது என்று ஆயா சாகிற வரைக்கும் சொன்னாள். மகஜரில் அது வைக்கோல் போருக்குள்ளிருந்து எடுத்ததாக இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

துண்டில் ரத்தம் இருந்தது நிஜம். சோகை கழிக்கும்போது கத்தி பட்டு இடது கை கிழிந்துபோனது, துண்டால் சுற்றிக்கொண்டேன், அது என் ரத்தம் என்பது சித்தப்பா சொன்னது. ரசாயனப் பரிசோதனை அறிக்கை இரண்டே வரி. மனித ரத்தம். வகை கண்டறிய முடியவில்லை. நீதிபதி எழுதுகிறார்: தன் துண்டில் மனித ரத்தம் எப்படி வந்தது என்பதற்கு எதிரி நம்பத்தக்க விளக்கம் தரவில்லை.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த 22 பக்கத்தைப் படித்து முடித்தபோது நான் நம்பிவிட்டேன். சித்தப்பாதான் செய்தார் என்று நம்பிவிட்டேன். கண்ணால் பார்த்த சாட்சி, கைப்பற்றிய துண்டு, மனித ரத்தம், கூலித் தகராறு என்கிற முகாந்திரம். ஒன்றோடொன்று கண்ணி கோத்த மாதிரி அவ்வளவு கச்சிதமான இங்கிலீஷ். சட்டக் கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்த அதே மொழி. ‘கொலகாரன் வீட்டுப் பொண்ணு’ என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டபோது நம்பாத நான், கோர்ட்டு முத்திரை போட்ட காகிதத்தில் பார்த்தபோது நம்பினேன். அதிகாரத்தின் மொழி நம்மையே நமக்கு எதிராக எப்படிச் சாட்சியாக்குகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதே வருஷக் கடைசியில் ஒரு மனித உரிமைக் கருத்தரங்கில் கொஞ்சம் ஜெராக்ஸ் தாள்களைக் கையில் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து வழக்குகள். ரயிலில் திரும்பி வரும்போது படித்தேன்.

முதல் ஆள் மார்வின் ஆண்டர்சன். கறுப்பர். 1982-இல் அவருக்கு 18 வயசு. தீயணைப்பு வீரராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன். ஒரு வெள்ளைக்காரப் பெண் வன்புணர்ச்சிக்கு ஆளானார். குற்றவாளி, தனக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு பழக்கம் உண்டு என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். வெள்ளைக்காரப் பெண்ணோடு வாழ்கிற கறுப்பர் என்று போலீசுக்குத் தெரிந்த ஆள் ஆண்டர்சன் ஒருத்தர்தான். பழைய குற்றம் எதுவும் அவர் பேரில் இல்லை. ஆகவே போலீசிடம் அவர் படமும் இல்லை. வேலை பார்த்த இடத்திலிருந்து வாங்கினார்கள். மற்றவர்களின் படமெல்லாம் கறுப்பு வெள்ளை, அவருடையது மட்டும் கலர். அந்தப் பெண் அதை எடுத்தார். பிறகு ஆட்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். படத்திலும் இருந்து வரிசையிலும் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். எல்லோரும் வெள்ளையர்களாக இருந்த நடுவர் குழு குற்றவாளி என்றது. 210 வருஷம் தண்டனை. 1988-இல் உண்மைக் குற்றவாளியே கோர்ட்டில் சத்தியம் செய்து, நான்தான் செய்தேன் என்றான். நீதிபதி நம்பவில்லை.

‘காலனி ஆள் ஒருத்தன்.’ ரயிலில் என் மடியில் கிடந்த தாளில் அந்த வரிதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஆள் எர்ல் வாஷிங்டன். அவரும் கறுப்பர். பண்ணைகளில் கூலி வேலை செய்தவர். அறிவு வளர்ச்சி குறைந்தவர். யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுகிறவர். 1983-இல் வேறொரு சண்டைக்காகப் பிடித்துக்கொண்டு போய், தீராமல் கிடந்த வழக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். அவற்றில் ஒன்று, 1982-இல் கல்பெப்பர் என்கிற ஊரில் நடந்த வன்புணர்ச்சிக் கொலை. செத்த பெண் கறுப்பு என்றார், அவர் வெள்ளை. இரண்டு மூன்று குத்து என்றார், உடம்பில் இருந்தது 38 குத்து. ஒரு சட்டையைக் காட்டி இது உன்னுடையதா என்றார்கள். ஆமாம் என்றார். தப்பாகச் சொன்னதெல்லாம் கேட்டுக் கேட்டுத் திருத்தப்பட்டு, கடைசியில் ஒரு ஒழுங்கான வாக்குமூலம் ஆனது. 1984 ஜனவரியில் நடுவர்கள் அவரைக் குற்றவாளி என்றார்கள். எங்க தெருவுக்கு ஜீப் வந்த அதே ஜனவரி. மரண தண்டனை. 1985-இல் மின்சார நாற்காலிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த இரண்டு பேரையும் விடுவித்தது டி.என்.ஏ. பரிசோதனை.

1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்கிற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். சித்தப்பா ரிமாண்டில் இருந்த மாசம். நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. நாலே நாலு எழுத்துகள் மாறி மாறி வருகிற இழை. அதன் சில இடங்களில் ஒரே சொல்லைத் திக்கித் திக்கிச் சொல்வதுபோல எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை தரம் வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணக்கு அம்மாவிடமிருந்து, ஒரு கணக்கு அப்பாவிடமிருந்து. இப்படிப் பல இடங்களை எண்ணி ஒப்பிட்டால், ஒரு கறை இன்னாருடையது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ‘இன்னாருடையது இல்லை’ என்று சொல்வது அதைவிடச் சுலபம். கணக்குத் தெளிவாகப் பொருந்தாவிட்டால் அந்தக் கறை அவருடையது அல்ல.

இந்தச் சோதனை குற்ற வழக்கில் முதன்முதலாகச் செய்த வேலையே ஒரு அப்பாவியை விடுவித்ததுதான். லெஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் 1983-இலும் 1986-இலும் இரண்டு சிறுமிகள் கொலையானார்கள். இரண்டாவது கொலையை 17 வயதுப் பையன் ஒருவன் ஒத்துக்கொண்டிருந்தான். முதல் கொலையும் அவன்தான் என்று நிரூபிக்கத்தான் போலீஸ் ஜெஃப்ரீசிடம் போனது. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்திருக்கிறான், ஆனால் அது இந்தப் பையன் இல்லை என்று விடை வந்தது. ஒப்புதல் வாக்குமூலம் என்கிற பெரிய சாட்சியம் முதல் சோதனையிலேயே பொய்யாகிப் போனது.

எர்ல் வாஷிங்டன் விஷயத்தில் 1993-இலேயே சோதனை அவர் பக்கம் பேசியது. ஆனால் வர்ஜீனியாவில் ஒரு விதி இருந்தது. தண்டனை கொடுத்து 21 நாளுக்குள் கொண்டுவராத புதிய சாட்சியத்தைக் கோர்ட் பார்க்காது. நீ குற்றமற்றவனாக இருக்கலாம், நாள் கடந்துவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். கவர்னர் தூக்கை ஆயுளாகக் குறைத்தார், அவ்வளவுதான். 2000-இல் இன்னும் நுட்பமான சோதனை நடந்த பிறகுதான் மன்னிப்பு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! 2001 பிப்ரவரியில் வெளியே வந்தார். அந்த வாக்குமூலச் சாட்சியத்தை விசாரணை அதிகாரி ஒருவர் இட்டுக்கட்டினார் என்று 2006-இல் ஒரு நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. 21 நாள் விதியும் 2001-இல் இத்தகைய சோதனைகளுக்காகத் தளர்த்தப்பட்டது.

ஆனால் தோழர்களே, ‘அறிவியல் விடுவித்தது’ என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. 1985-இல் எர்ல் வாஷிங்டன் உயிர் பிழைக்கக் காரணம் எந்த விஞ்ஞானியும் இல்லை. அதே மரண தண்டனைக் கொட்டடியில் இருந்த ஜோசப் ஜியாராட்டானோ என்கிற இன்னொரு கைதி. ஜெயிலிலேயே சட்டம் படித்தவர். தேதி குறித்த பிறகும் பக்கத்து அறைக்காரருக்கு வக்கீல் இல்லை, தன் மனுவை எழுதுகிற அளவு படிப்பும் இல்லை என்று கண்டு, வெளியே சத்தம் போட்டு வக்கீலை வரவைத்தவர் அவர். மரண தண்டனைக் கைதிகளுக்கு வக்கீல் வேண்டும் என்று அவர் பேரில் நடந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-இல் தோற்றது. தோற்ற ஆளின் சத்தம்தான் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தியது.

மார்வின் ஆண்டர்சன் கதை இன்னும் விசித்திரம். அவருடைய வழக்கின் தடயங்களை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. நம்ம ஊர் பதில்தான். ஆனால் அந்த வழக்கை ஆய்வு செய்த மேரி ஜேன் பர்ட்டன் என்கிற ஆய்வக ஊழியருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சோதித்த பஞ்சின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, தன் குறிப்புத் தாளில் டேப் போட்டு ஒட்டிவைப்பார். ஆய்வகத்தின் நடைமுறைப்படி எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் ஒட்டிவைத்தார். 1999-இல் அவர் செத்துப்போனார். 2001-இல் கோப்பைப் புரட்டியபோது 19 வருஷத்துப் பஞ்சு அங்கே இருந்தது. ஆண்டர்சன் குற்றமற்றவர் என்று நிரூபணமானது. அப்புறம் அரசு அந்தப் பழைய கோப்புகளையெல்லாம் தோண்டச் சொன்னது. அந்த மாநிலத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பஞ்சு நுனிகளால் குற்றமற்றவர்கள் ஆனார்கள். பர்ட்டனைத் தெய்வமாக்க வேண்டாம். அவருடைய பழைய ஆய்வறிக்கைகள் மீதே பின்னாளில் கேள்விகள் எழுந்தன. எனக்கு வேண்டியது அந்த டேப் துண்டு மட்டும்தான். யாரோ ஒருத்தர் ‘மதிப்பற்றது’ என்று தூக்கிப் போடாமல் இருந்தார். ஆண்டர்சன் பிறகு தன் ஊரில் தீயணைப்புப் படைக்குத் தலைவரே ஆனார்.

அடுத்த வாரமே நான் அந்த செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனேன். சொத்துப் பதிவேடு வைத்திருக்கிற கிளார்க் நல்ல மனுஷன். தூசி தட்டி எடுத்துக் காட்டினார். வழக்கு எண், பொருள்களின் பேர், அதற்கு நேரே சிவப்பு மையில் ‘அழிக்கப்பட்டது’. 1989. கீழே ஒரு கையெழுத்து. “கறையான் தின்னது போக மீதிதாம்மா கொளுத்தறது. எதுக்கு அத தேடறீங்க?” என்றார். எங்க சித்தப்பா துண்டு என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்சிக்காரருக்காக என்றேன்.

பருத்தித் துணியில் காய்ந்த ரத்தம் ஈரம் படாமல் காகித உறையில் இருந்தால் பத்து இருபது வருஷம் கழித்தும் பேசும். அந்தத் துண்டு இருந்திருந்தால், ஒரு சொட்டு சித்தப்பா ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டு, ‘இது இவன் ரத்தமேதான்’ என்று சொல்லியிருக்கலாம். அல்லது இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சித்தப்பா 1998-இல் வெளியே வந்திருந்தார். நடுவில் 1990-இல் ஆயா செத்தபோது இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனது மட்டும்தான். சித்தி மூணு வருஷம் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. வந்தவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஆடு மேய்த்தார். கருப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கிளம்பும்போது மட்டும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

2011-இல் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு ராத்திரி நான்தான் துணைக்கு இருந்தேன். அவர் தூங்கவில்லை. எட்டு வருஷமாக நாக்கில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“சித்தப்பா, அந்தத் துண்டுல இருந்தது யார் ரத்தம்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த தழும்பை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

“தோ, இதுலேருந்து வந்ததுதான் பாப்பா.”

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயும் கேட்டுட்ட” என்றார். கோபமில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வருஷம் கார்த்திகையில் செத்துப்போனார்.

வக்கீலாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் தழும்பு எதையும் நிரூபிக்காது. கத்தி எப்போது பட்டது என்று தழும்பு சொல்லாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதை இந்தப் பக்கங்களில் எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அவர் குற்றமற்றவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் கட்டுரை நன்றாக இருக்கும். எனக்கு அந்த வரி கிடைக்கவில்லை. அதை 1989-இல் கொளுத்திவிட்டார்கள்.

ஆனால் ஒன்று தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் 2020 வரை டி.என்.ஏ. சோதனையால் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தவர்கள் 375 பேர். அவர்களில் 225 பேர் கறுப்பர்கள். 21 பேர் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்தவர்கள். இந்த 375 வழக்குகளில் நூற்றுக்கு 69-இல் கண்ணால் பார்த்த சாட்சி தப்பு. நூற்றுக்கு 29-இல் ஒப்புதல் வாக்குமூலம் பொய். இது வெறும் 375 பேரின் கதை இல்லை. பெரும்பாலான குற்றங்களில் சோதிக்கிற மாதிரி ரத்தமோ விந்தோ எதுவும் கிடைக்காது. திருட்டில் கிடைக்காது, அடிதடியில் கிடைக்காது, பொய்க் கஞ்சா கேசில் கிடைக்காது. ஆனால் அந்த வழக்குகளிலும் அதே போலீஸ், அதே டார்ச் வெளிச்சம், அதே ‘அழைத்துச் சென்றால் அடையாளம் காட்டுகிறேன்’. சரிபார்க்க முடிந்த இடத்தில் இந்தக் கருவிகள் இத்தனை பொய் சொல்லியிருக்கின்றன என்றால், சரிபார்க்க முடியாத இடத்தில் மட்டும் உண்மையே பேசியிருக்குமா? டி.என்.ஏ. நமக்குக் கொடுத்திருக்கிற பெரிய சாட்சியம் இதுதான். வெளியே வந்தவர்களைப் பற்றியதை விட, வராமல் போனவர்களைப் பற்றிய சாட்சியம் அது.

சித்தப்பாவைப் பற்றிய அந்த 22 பக்கத்தை நான் இனி நம்ப வேண்டியதில்லை. அவர் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. அவர் செய்தார் என்று அவர்களுக்கும் தெரியாது. அது தெரியாமலேதான் 14 வருஷம்.

அதற்காக, அறிவியல் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நாம் கைகட்டி நிற்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களிடமே சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். பலர் மறுத்தார்கள். அறியாமை என்றும் பயம் என்றும் எழுதினார்கள். எடுத்த ரத்தம் யார் கைக்குப் போகும், எந்தத் தாளில் என்னவாக எழுதப்படும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்களின் மறுப்பு அது. 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதுதான் குற்றப்பத்திரிகை என்று போலீஸ் சொன்னது. ஊர் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கையும் பாருங்கள். அங்கே டி.என்.ஏ. சாட்சியம் தண்டிக்கப் பயன்பட்டது. 2018-இல் தூக்கு, 2019-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரியை எடுத்த விதம், வைத்திருந்த விதம், அனுப்பிய தாமதம் எதுவும் சரியில்லை என்றது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், அது கைமாறுகிற ஒவ்வொரு இடத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நாடு முழுவதுக்கும் உத்தரவு போட்டது. சோதனை பொய் சொல்லாது என்பார்கள். சோதனைக்குப் போகிற பொட்டலத்தைக் கட்டுகிற கைக்குச் சாதி உண்டு, அவசரம் உண்டு, அலட்சியம் உண்டு.

2022-இல் வந்த அடையாளம் காணல் சட்டப்படி, கைதானவர்களிடமும் தண்டனை பெற்றவர்களிடமும் எடுக்கிற அளவுகளை, உயிரியல் மாதிரியின் ஆய்வு விவரம் உட்பட, 75 வருஷம் பதிவில் வைத்திருக்கலாம். நம் ரத்தத்தின் கணக்கு 75 வருஷம் பத்திரமாக இருக்கும். நம்மை விடுவிக்கக்கூடிய துணி மட்டும் மேல்முறையீடு முடிகிற வரைக்கும்தான். தண்டனை பெற்றவர் எனக்கு இந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்க இங்கே தனிச் சட்டம் இல்லை. நம் இயக்கங்கள் கேட்க வேண்டியவற்றில் இதையும் சேர்க்க வேண்டும்: தண்டனை அனுபவிக்கிற ஆள் உயிரோடு இருக்கிற வரை அவரைத் தண்டித்த பொருளும் இருக்க வேண்டும். கேட்டால் சோதிக்க வேண்டும். அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

அதுவரைக்கும் என்னால் முடிந்த சின்ன வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நான் நடத்துகிற கொலை வழக்குகளில் தீர்ப்புக்கு முன்னால் ஒரு மனுப் போடுகிறேன். ‘சான்றுப் பொருள்களை அழிக்க உத்தரவிடாமல் பாதுகாத்து வைக்க வேண்டும்.’ சில நீதிபதிகள் சம்மதிப்பார்கள். சிலர் தள்ளுபடி செய்வார்கள். போன மாசம் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “ஏம்மா, இந்தக் கந்தல் துணிய வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?”

குற்றவாளிக் கூண்டில் எங்க பக்கத்து ஊர் காலனிப் பையன் நின்றுகொண்டிருந்தான். 22 வயசு. அவன் செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் அவனிடம் கேட்கவும் இல்லை.

“இருக்கட்டுங்கய்யா” என்றேன்.